மட்டக்குளியில் ஒரு மறியாட்டின் பின்னங்கால் வாதம்: லாமா, அல்பாக்கா ஆய்வுகள் வழிகாட்டிய ஒரு நிகழ்வு

கொழும்பு மட்டக்குளியில் ஒரு வீட்டு வளவில் நான்கு ஆடுகள். ஒக்டோபர், நொவெம்பர் மழை ஓய்ந்து டிசம்பர் பிறந்த கையோடு அவற்றில் மூத்த மறியாட்டின் பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கின. முதல் நாள் இடது பின்னங்காலின் குளம்பு நுனி தரையில் உரசியது. மறுநாள் ஆடு திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. மூன்றாம் நாள் காலையில் அதனால் தானாக எழும்ப முடியவில்லை. வீட்டுக்கார அக்கா தொலைபேசியில் கேட்டது இதுதான்: “டொக்டர், பின்னங்கால் ரெண்டும் விழுந்திட்டுது. ஆனா தலை நல்லா இருக்கு, சாப்பாடும் நல்லாச் சாப்பிடுது. சாகப்போற ஆடு இப்பிடிச் சாப்பிடுமா?”

நோயறிதலின் பாதி அந்தக் கேள்வியிலேயே இருந்தது. தலை தெளிவு, பசி குறையவில்லை, பின்னுடல் மட்டும் விழுந்துவிட்டது. வட அமெரிக்காவில் லாமா, அல்பாக்கா (ஒட்டகக் குடும்பத்துத் தென்னமெரிக்க வளர்ப்பு விலங்குகள்) பார்க்கும் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வரும் ஒரு நோயின் வர்ணனையும் இதேதான். கொழும்பில் லாமாவை வைத்து வைத்தியம் பார்க்கும் வேலை நமக்கு வருவது அரிது. 3500 மீற்றருக்கு மேலுள்ள அந்தீஸ் மேட்டு நிலத்துக் குளிரில் வாழப் பழகிய அல்பாக்காவுக்கு நம் ஊர்ப் புழுக்கமே பெரிய நோய். ஆனால் அந்த விலங்குகளைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி நம் ஆடுகளுக்கு நேரடியாக உதவும். இந்த நிகழ்வை முழுமையாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

நோயாளி

ஜம்நாபாரிக் கலப்பு, வயது சுமார் 3, எடை 38 கிலோ, சினைப்பட்டு ஏறக்குறைய 3 மாதம். பால் வற்றிய நிலை. உணவு பலா இலை, கிளிசிரியா, மரக்கறிக் கழிவு, கொஞ்சம் தவிடும் புண்ணாக்கும். பகலில் ஒழுங்கையில் மேயும், இரவில் தகரக் கூரைக் கொட்டிலில் அடையும். கொட்டிலுக்குப் பின்னால் கழிவுநீர் ஓடும் கான் இருந்தது. அதற்கு அப்பால் பக்கத்து வீட்டில் மூன்று பசுக்கள். அந்தப் பசுக்களைப் பற்றி நான் கேட்டபோது வீட்டாருக்கு வியப்பாக இருந்தது. ஆட்டுக்கு நோய் வந்தால் மாட்டைப் பற்றி ஏன் விசாரிக்க வேண்டும்? காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உடல் வெப்பம் 39.2 பாகை செல்சியஸ், ஆட்டுக்கு இயல்பானதே. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 84. இரைப்பை அசைவு ஒழுங்காக இருந்தது, அசை போட்டுக்கொண்டிருந்தது. கண்ணின் உட்சவ்வு சிவப்பாக இருந்ததால் கடும் இரத்தச்சோகை இல்லை. உடலில் காயமோ, நாய்க்கடித் தழும்போ தென்படவில்லை.

நரம்புப் பரிசோதனைக்கு நிறைய நேரம் எடுத்தேன். கண்ணுக்கு முன்னால் கையை அசைத்தபோது இமைத்தது. தாடை தொய்வில்லாமல் இயல்பாக இருந்தது, காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன, விழுங்குவதில் தடையில்லை. முன்னங்கால்கள் வலுவாக இருந்தன. இடுப்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினால் சில விநாடிகள் நின்றது. இடது பின்னங்காலைப் புறப்பக்கம் மடித்து வைத்தால் அப்படியே விட்டுவிட்டது, வலது காலைத் தாமதமாக நேராக்கியது. இரண்டு பின்னங்கால்களிலும் முழங்கால் தட்டு அனிச்சை மிகைப்பட்டிருந்தது, இடதில் கூடுதலாக. வாலும் குதமும் உணர்வோடு இருந்தன. குளம்பிடுக்கில் கிள்ளியபோது தலையைத் திருப்பிப் பார்த்துக் கத்தியது, அதாவது ஆழ்ந்த வலியுணர்வு இன்னும் இருந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கோளாறு மூளையில் இல்லை, தசையிலும் இல்லை. முன்னங்கால் நரம்புகள் புறப்படும் இடத்துக்குப் பின்னால், மார்பு முதல் மேல் இடுப்பு வரையுள்ள முண்ணாணில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் இடது பக்கம் கூடுதலாகப் பாதித்திருந்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. சத்துக் குறைபாடும் நச்சும் பெரும்பாலும் இரு பக்கத்தையும் ஒன்றுபோலத் தாக்கும். ஒரு புழு தனக்குத் தோன்றிய பாதையில் ஊர்ந்தால்தான் இப்படி ஒரு பக்கம் கூடக்குறையப் பழுதாகும்.

முதலில் விலக்க வேண்டியவை

இலங்கையில் எந்தப் பாலூட்டிக்கு வாதம் வந்தாலும் முதலில் நினைக்க வேண்டியது விசர்நாய் நோய். ஆட்டில் அது ஆவேசமாக வராமல் வெறும் பின்னங்கால் வாதமாகவே தொடங்கலாம். காயம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது போதிய ஆதாரம் அல்ல. அதனால் கையுறை போட்டுத்தான் தொட்டேன். வாயில் கை விட வேண்டாம், உமிழ்நீர் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். பள்ளிக்கூடம் போகும் பையன்தான் ஆட்டுக்கு இலை ஊட்டுகிறான் என்று தெரிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினேன். விசர் நோயில் அறிகுறி தொடங்கிய பின் வாதம் முன்னோக்கிப் பரவி, சில நாட்களிலேயே, பெரும்பாலும் 10 நாளைக்குள், விலங்கு இறந்துவிடும். ஆகவே நாளுக்கு நாள் அவதானிப்பதும் ஒரு பரிசோதனைதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லிஸ்டீரியா என்ற பக்டீரியா மூளையைத் தாக்கினால் முகம் ஒரு பக்கம் தொங்கும், விலங்கு வட்டமிடும். தயமின் (உயிர்ச்சத்து பி1) குறைபாட்டில் பார்வை போகும். செப்புக் குறைபாட்டு வாதம் குட்டிகளின் நோய். ஆட்டு மூட்டழற்சி வைரசு வளர்ந்த ஆட்டில் முழங்காலை வீங்க வைக்கும், இப்படி மூன்று நாளில் விழுத்தாது. சினை ஆட்டுக்குக் கல்சியம் குறைந்தால் சோர்வும் இரைப்பை மந்தமும் சேர்ந்தே வரும், இங்கே இரண்டும் இல்லை. ஓட்டோ மோதி முள்ளந்தண்டு முறிந்திருக்கலாம் என்பது உண்மையான சாத்தியம், ஒழுங்கையில் மேயும் ஆடு அல்லவா. ஆனால் விபத்தில் முதல் நொடியே மோசமாக இருக்கும், பிறகு கூடாது. இந்த ஆடு மூன்று நாட்களாகப் படிப்படியாக விழுந்தது. முள்ளந்தண்டை அழுத்திப் பார்த்தபோது எங்கும் வலியும் இல்லை. முள்ளந்தண்டில் சீழ்க்கட்டி இருந்தால் காய்ச்சலும் வலியும் எதிர்பார்க்கலாம், அவையும் இல்லை.

மிஞ்சியது ஒன்றுதான்: வழிதவறிய ஒரு புழு முண்ணாணுக்குள் ஊர்கிறது.

இரண்டு புழுக்கள், ஒரே நாசம்

நம் நாட்டில் அந்தப் புழுவின் பெயர் செட்டேரியா டிஜிட்டாட்டா. மாடும் எருமையும் இதற்கு உரிய வீடு. பல சென்ரிமீற்றர் நீளமான வெள்ளைப் புழுக்கள் அவற்றின் வயிற்றறைக்குள், குடலுக்கு வெளியே, வாழும். மாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மடுவத்தில் மாட்டின் வயிற்றைத் திறப்பவர்கள் இதை அடிக்கடி காண்பார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படி எடுத்த புழுக்களையே யானைக்கால் நோய்ப் புழுவுக்கு மாதிரியாக வைத்துப் பல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள், இரண்டும் உறவுப் புழுக்கள் என்பதால். பெண் புழு இரத்தத்தில் நுண்புழுக்களை விடும். நுளம்பு மாட்டைக் கடிக்கும்போது அவை நுளம்புக்குள் போய் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தொற்றும் நிலைக்கு வளரும். அதே நுளம்பு அடுத்ததாக மாட்டைக் கடித்தால் புழு வயிற்றறைக்குப் போய்ச் சேரும். ஆட்டையோ செம்மறியையோ குதிரையையோ கடித்தால் புழுவுக்கு வழி தெரியாது. திசை தப்பி முண்ணாணுக்குள்ளும் மூளைக்குள்ளும் நுழையும்.

இது நமக்குப் புதிதல்ல. குதிரைகளுக்கு வரும் இதே இடுப்பு வாதத்தைக் ‘கும்ரி’ என்பார்கள். அன்றைய சிலோனில் குதிரைகளுக்கு வந்த கும்ரி புழுவால் வருவதே என்று இன்னஸ், பிள்ளை ஆகிய இருவரும் 1955இல் பிரித்தானியக் கால்நடை மருத்துவ இதழில் எழுதினார்கள். எழுபது வருடத்துக்கு முன்னரே இங்கே தெளிவான விஷயம், ஆடு வளர்ப்போரிடம் இன்னும் போய்ச் சேரவில்லையே என்பது என் மனக்குறை. பலர் இதை வாயு என்றும், தடுக்கி விழுந்தது என்றும், கண்ணூறு என்றும் எடுத்துக்கொண்டு பொன்னான முதல் நாட்களைத் தவறவிடுகிறார்கள்.

இனி லாமாவுக்கு வருவோம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெள்ளைவால் மானின் மூளை உறையில் பரேலாபோஸ்ட்ராஞ்சிலஸ் டெனுயிஸ் என்ற புழு வாழ்கிறது. மானுக்கு அது தொல்லை தருவதில்லை. மானின் புழுக்கையில் வெளியேறும் குஞ்சுப்புழு நத்தைக்குள்ளும் ஓடில்லா நத்தைக்குள்ளும் வளரும். புல்லோடு அந்த நத்தையை விழுங்கும் லாமா, அல்பாக்காவின் குடலிலிருந்து அது முண்ணாணுக்குப் போகும். 1980களிலிருந்து இந்த விலங்குகளை அமெரிக்கர்கள் பெருமளவில் வளர்க்கத் தொடங்கியதும் இந்த நோய் அவர்களுக்குப் பெரிய தலைவலியானது. அல்பாக்காக்கள் அமெரிக்காவுக்கு முதன்முதலாக இறக்குமதியானது 1984இல். ஒவ்வொன்றும் விலை கூடிய விலங்கு, வளர்ப்போர் செலவு செய்யத் தயாராக இருந்தார்கள். ஒஹையோ, ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகங்கள் போன்ற இடங்களில் இந்த விலங்குகளுக்கென்றே மருத்துவமும் ஆராய்ச்சியும் வளர்ந்தன. அதன் பயனாக ஒவ்வொரு நோயாளிக்கும் முண்ணாணைச் சூழ்ந்திருக்கும் பாய்பொருளை எடுப்பது, மருந்து அளவை ஒழுங்குபடுத்துவது, விழுந்த விலங்கை வாரக்கணக்கில் பராமரிப்பது என்று எல்லாமே எழுத்தில் பதிவாயின. நம் ஆட்டுக்கு யார் அவ்வளவு செலவழித்திருக்கிறார்கள்?

பரவும் வழி வேறு: அங்கே நத்தை, இங்கே நுளம்பு. உரிய விலங்கும் வேறு: அங்கே மான், இங்கே மாடு. முண்ணாணுக்குள் போன பின் நடப்பது மட்டும் ஒன்றுதான். இளம் புழு நரம்பிழைகளைக் கிழித்துக்கொண்டு ஊர்கிறது, போன வழியெல்லாம் திசு சிதைகிறது, உடல் அதைச் சுற்றி அழற்சியை எழுப்புகிறது. இரண்டிலும் புழு முதிர்ந்து இனம்பெருக்குவதில்லை. அதனால் லாமாவின் புழுக்கையில் குஞ்சுப்புழு வராது, ஆட்டின் இரத்தத்தில் நுண்புழு வராது. புழுக்கையைப் பரிசோதித்துப் ‘புழு இல்லை’ என்று வரும் அறிக்கைக்கு இந்த நோயைப் பொறுத்தவரை ஒரு பெறுமதியும் இல்லை. நம் ஆட்டின் புழுக்கையில் சில குடற்புழு முட்டைகள் இருந்தன, அவை இந்த வாதத்தோடு சம்பந்தப்படாதவை.

பாய்பொருள்

உயிரோடிருக்கும் விலங்கில் இந்த நோயை நெருங்கக் கிடைக்கும் ஒரே சாட்சி முண்ணாண் பாய்பொருள். அதில் இயோசினோபில் வெண்குழியங்கள் தெரிந்தால் ஒட்டுண்ணி என்பதற்கு வலுவான அறிகுறி. லாமா, அல்பாக்கா மருத்துவர்கள் இதையே பிரதான துணையாகக் கொள்கிறார்கள்.

ஆட்டை நெஞ்சில் படுக்க வைத்து, பின்னங்கால்களை முன்னுக்கு இழுத்துப் பிடித்து, இடுப்பு முள்ளெலும்பும் திருவெலும்பும் சேரும் குழியில் மயிர் வழித்துச் சுத்தம் செய்து எடுத்தேன். சைலசீன் என்ற மயக்க மருந்து கொடுக்கவில்லை. ஆடு அதற்கு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும், சினையில் அது கருப்பையையும் சுருங்க வைக்கலாம். தோலுக்குக் கீழே 2 மில்லிலீற்றர் லிக்னோகெயின் மட்டும் போட்டேன், அதுவும் ஆட்டுக்கு அளவு மீறக் கூடாத மருந்து. அக்காவின் கணவர் கழுத்தை அணைத்துப் பிடித்தபடி “கொஞ்சம் பொறடி, பொறு” என்று அதோடு கதைத்துக்கொண்டே இருந்தார். மயக்க மருந்து செய்திருக்க வேண்டிய வேலையை அவரே செய்தார்.

பாய்பொருள் தெளிவாக வந்தது. ஆய்வுகூட எண்ணிக்கையில் ஒரு மைக்ரோலீற்றருக்கு 46 வெண்குழியங்கள். இயல்பில் 10க்குக் கீழ் இருக்க வேண்டும். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இயோசினோபில். புரதமும் சற்றுக் கூடியிருந்தது. இரத்தத்தில் இயோசினோபில் சிறிதளவே கூடியிருந்தது. இரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் இதைக் குடற்புழுவின் கணக்கில் எழுதியிருக்கலாம்.

மருந்தைத் தேர்ந்த விதம்

புழு என்றதும் நம் கை போவது ஐவர்மெக்டினுக்குத்தான். மலிவு, எங்கும் கிடைக்கும், ஓர் ஊசி போதும். ஆனால் மூளைக்கும் முண்ணாணுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பு ஐவர்மெக்டினை உள்ளே விடுவதில்லை. நுழைய முயலும் மருந்தை அங்குள்ள பி-கிளைக்கோபுரதம் வெளியே தள்ளிவிடும். அதனால்தான் அந்த ஊசி பாலூட்டிகளுக்குப் பொதுவாகப் பாதுகாப்பாக இருக்கிறது, அதனாலேயே முண்ணாணுக்குள் இருக்கும் புழுவுக்கும் அது போய்ச் சேருவதில்லை. லாமா மருத்துவர்கள் பென்பென்டசோலை வழக்கத்தைவிடப் பல மடங்கு அளவில், தொடர்ந்து 5 நாள் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். ஐவர்மெக்டினையும் கூடவே போடுவார்கள், ஆனால் வேறு நோக்கத்தோடு: உடலின் பிற இடங்களில் இன்னும் பயணத்தில் இருக்கும் குஞ்சுப்புழுக்கள் முண்ணாணை அடையாமல் தடுப்பதற்கு.

இந்த ஆட்டுக்கு பென்பென்டசோல் கிலோவுக்கு 50 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை வாய்வழி, 5 நாள். 38 கிலோவுக்கு 1900 மில்லிகிராம், அதாவது 10 வீதக் கரைசலில் 19 மில்லிலீற்றர். போத்தலில் அச்சிட்ட அளவை விட இது மிகவும் கூடியது. மருத்துவரின் பொறுப்பில், நிறை அளந்து கொடுக்க வேண்டியது. அல்பெண்டசோல் கடையில் இன்னும் சுலபமாகக் கிடைக்கும், அதையே கூட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இரண்டு காரணத்துக்காகக் கூடாது. சினையில், குறிப்பாக ஆரம்ப மாதங்களில், அது கருவை ஊனமாக்கக் கூடியது. அடுத்தது, அல்பாக்காக் குட்டிகளுக்கு அதைக் கூடிய அளவில் பல நாள் கொடுத்து, எலும்பு மச்சை செயலிழந்து குட்டிகள் இறந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஒரே குடும்பத்து மருந்து என்பதால் பென்பென்டசோலிலும் 5 நாளைத் தாண்டக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன்.

அடுத்து அழற்சி. புழு உயிரோடு ஊர்வது ஒரு கேடு, செத்து அழுகுவது இன்னொரு கேடு. மருந்து வேலை செய்யத் தொடங்கும்போதே விலங்கு மோசமாவது உண்டு. டெக்சாமெதசோன் அழற்சியை நன்றாக அடக்கும், ஆனால் இவள் சினை. ஆட்டில் சினையைக் கடைசி வரை தாங்குவது சூலகத்திலுள்ள மஞ்சட்சடலமே. லாமா, அல்பாக்காவிலும் அப்படித்தான். அவற்றில் டெக்சாமெதசோன் கருச்சிதைவை உண்டாக்கும் என்பது அந்த மருத்துவத்தில் எல்லோரும் எச்சரிக்கும் ஒன்று. ஆகவே ஸ்டீரொயிட் அல்லாத அழற்சி அடக்கியான புளூனிக்சின், கிலோவுக்கு 1.1 மில்லிகிராம், மூன்று நாள் மட்டும். அதற்கு மேல் நீட்டினால் இரைப்பையில் புண் வரும் அபாயம் உண்டு. லாமாவின் மூன்றாம் இரைப்பை அறையில் மன அழுத்தமும் இந்த வகை மருந்தும் சேர்ந்து புண்ணாக்குவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நம் ஆட்டின் நான்காம் இரைப்பையும் அதற்கு விதிவிலக்கல்ல.

ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் ஒரு தடவை, தோலுக்குக் கீழே. உயிர்ச்சத்து ஈ ஒரு ஊசி. அவ்வளவுதான். நுண்ணுயிர்க் கொல்லி எதுவும் எழுதவில்லை, அதற்கு இங்கே வேலையில்லை.

விழுந்த ஆட்டை வைத்திருப்பது

சிகிச்சை தொடங்கிய இரண்டாம் நாள் ஆடு மோசமானது. தூக்கி நிறுத்தினாலும் வலது காலும் மடிந்தது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன், ஆனாலும் வீட்டில் நம்பிக்கை தளர்ந்துவிட்டது. “இறைச்சிக் கடைக்குக் குடுத்தாலாவது கொஞ்சம் காசு வரும் டொக்டர்” என்றார் அக்காவின் கணவர். அவர் கல்நெஞ்சர் அல்ல. அந்த ஆடுதான் அந்த வீட்டின் அவசரச் சேமிப்பு. மருந்து ஏறிய உடல், குறைந்தது ஒரு மாதத்துக்கு இறைச்சிக்கு ஆகாது என்று சொன்னேன். விசர் நோய் இன்னும் முழுதாக விலகவில்லை, அறுப்பவருக்கும் ஆபத்து என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப பாப்பம்” என்றார்.

என்னைக் கேட்டால், இந்த நோயில் பாதி வைத்தியம் ஊசியில் இல்லை, படுக்கையில் இருக்கிறது. இதையும் லாமா ஆராய்ச்சிதான் எனக்கு அழுத்திச் சொன்னது. லாமா இயல்பாகவே கால்களை மடக்கி நெஞ்சை ஊன்றி உட்காரும் விலங்கு, அதற்கென்று நெஞ்சில் தடித்த தோல் மெத்தை இருக்கிறது. அப்படி இருந்தும் விழுந்த லாமாவைக் கவனிக்காமல் விட்டால் தோல் அழுகுகிறது, தசை சுருங்குகிறது, உற்சாகம் இழந்து சாப்பாட்டை நிறுத்துகிறது. ஆட்டுக்கு அந்த மெத்தையும் இல்லை. பக்கவாட்டில் சரிந்து கிடந்தால் இரைப்பையில் காற்று அடைத்து சில மணி நேரத்திலேயே மூச்சு முட்டும்.

செய்தது இவ்வளவு: வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, மேலே சாக்கு விரித்து, நனைந்தால் உடனே மாற்றினார்கள். இரண்டு பக்கமும் மணல் மூட்டை முட்டுக்கொடுத்து ஆட்டை எப்போதும் நெஞ்சில் உட்கார வைத்தார்கள். பகலில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாரம் விழும் பக்கத்தை மாற்றினார்கள், இரவில் மாமியார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அமெரிக்க மருத்துவமனைகளில் விழுந்த லாமாவைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு நிற்கப் பழக்குவார்கள். மட்டக்குளியில் அரிசிச் சாக்கை விரித்துத் தைத்து, வயிறு அழுந்தாதபடி நெஞ்சுக்கும் தொடைக்கும் கீழே கொடுத்து, மாமரக் கிளையிலிருந்து கயிறு கட்டினோம். சினை வயிற்றில் பாரம் விழக்கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தோம். அதில் ஒரு தடவைக்கு பத்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் பின்னங்கால் மூட்டுகளை மடக்கி நீட்டி, குளம்பைத் தரையில் சரியாக ஊன்றி வைத்தார்கள். கண்ணுக்கு எட்டும் இடத்தில் இன்னொரு ஆட்டைக் கட்டினோம். கூட்டமாக வாழும் விலங்கைத் தனியே கிடத்தினால் மனம் விட்டுவிடும், லாமாவும் அப்படி, ஆடும் அப்படி.

நான்காம் நாள் சாக்குத் தொட்டிலில் நிறுத்தியபோது வலது காலில் பாரம் எடுத்தது. மருந்து முடிந்த ஐந்தாம் நாள், இடுப்பில் கை கொடுத்தால் எழும்பியது. பத்தாம் நாள் தானாக எழும்பி, அகலக் கால் வைத்து, தள்ளாடியபடி இலைக் கட்டுக்கு நடந்தது. வாதம் முன்னோக்கிப் பரவாமல் பின்வாங்கியதால் விசர் நோய்ச் சந்தேகத்தையும் அத்துடன் கைவிட்டேன். மூன்று வாரத்தில் ஓடவும் செய்தது. இடது குளம்பு நுனி மட்டும் இன்றும் உரசுகிறது. சிதைந்த நரம்பிழை திரும்ப வளராது, அந்த மிச்சம் இருக்கத்தான் செய்யும். பெப்ரவரியில் இரண்டு குட்டிகளை நிறைமாதத்தில் ஈன்றது, இரண்டும் நலம். பிரசவத்தின்போது பின்னங்கால் வலுவின்மை தொந்தரவு தருமோ என்று பயந்தேன், தரவில்லை.

லாமாக்களில் கண்டது இங்கும் பொருந்தியது: நிற்கக் கூடிய நிலையில், அல்லது நிறுத்தினால் நிற்கும் நிலையில் சிகிச்சை தொடங்கியவை பெரும்பாலும் மீள்கின்றன. முற்றாக விழுந்து, வலியுணர்வும் போன பிறகு தொடங்கினால் மிகச் சிலவே எழும்புகின்றன. இந்த ஆடு மூன்றாம் நாள் என்னிடம் வந்தது. ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் இதே மருந்துக்கு இதே பலன் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மற்ற மூன்று ஆடுகள்

மழைக்காலம் முழுதும் மாதம் ஒரு ஐவர்மெக்டின் ஊசி போட்டுவிடலாமே என்றால், அதற்கும் லாமா வளர்ப்போரின் அனுபவம் தடை சொல்கிறது. மூளையுறைப் புழுவுக்குப் பயந்து அவர்கள் மாதாமாதம் ஐவர்மெக்டின் போட்டார்கள். முண்ணாண் நோய் குறைந்தது, ஆனால் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் புழுக்கள் அந்த மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டன. நம் ஆடுகளைக் கொல்வதில் ஹீமோங்கஸ் முன்வரிசையில் நிற்கும் புழு. ஒரு வாதத்தைத் தடுக்கப் போய், நாளை இரத்தச்சோகைக்கு மருந்தில்லாமல் நிற்க முடியாது. ஆகவே நுளம்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் மட்டும் ஊசி. மற்றபடி கண் சவ்வின் நிறத்தைப் பார்த்துத் தேவையான ஆட்டுக்கே குடற்புழு மருந்து.

டைஎத்தில்கார்பமசீனைத் தடுப்பு மருந்தாகப் பயன்படுத்துவது பற்றியும் எண்ணினேன். 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில் யானைக்கால் நோயை ஒழிக்க அல்பெண்டசோலோடு சேர்த்து வீடு வீடாகக் கொடுத்த அதே குளிசை அது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் 2016இல் உலக சுகாதார நிறுவனம், யானைக்கால் நோய் இலங்கையில் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று ஏற்றுக்கொண்டது. ஆட்டுக்கு ஒழுங்காக நாள் தவறாமல் கொடுப்பது இந்த வீட்டுக்குச் சாத்தியப்படாது என்று பட்டதால் விட்டுவிட்டேன்.

மூலகாரணம் பக்கத்து வீட்டுப் பசுக்களின் இரத்தத்தில் இருக்கிறது, ஆனால் மூன்றும் கறவை. ஐவர்மெக்டின் பாலில் இறங்கும், அந்தப் பால் ஒழுங்கை முழுதும் போகிறது. ஆகவே அவற்றைத் தொடவில்லை. கன்று ஈனும் முன் வற்றும் காலம் வரும்போது, பாலுக்கான இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று உரிமையாளரோடு கதைத்திருக்கிறேன்.

எஞ்சியது நுளம்பு. கொட்டிலின் மூன்று பக்கமும் நுண்கண் வலை அடித்தார்கள். ஆடுகள் மாலை இருட்டுக்கு முன்பே உள்ளே போகின்றன. கொட்டிலைக் கானிலிருந்து வளவின் மறுகோடிக்கு மாற்றினார்கள். தகரக் கூரையில் காற்று ஓட்டம் குறையாமல் இருக்க முன்பக்கத்தைத் திறந்து திரை மட்டும் போட்டோம், இல்லாவிட்டால் நியூமோனியா வந்து சேரும். வேப்பிலைப் புகையும் போடுகிறார்கள், கண் எரியாத அளவுக்கு.

இந்த நிகழ்வில் புழுவை நான் கண்ணால் காணவில்லை. பாய்பொருள், அறிகுறிகள், பருவம், பக்கத்து மாடு, மருந்துக்குக் கிடைத்த பலன் எல்லாம் ஒரே திசையைக் காட்டினாலும், இது ஊகித்தறிந்த நோயறிதல்தான். ஆடு உயிரோடிருக்கும் வரை அப்படித்தான் இருக்கும். அந்த ஒழுங்கையில் இனி ஏதாவது ஆடு இப்படி விழுந்து இறந்தால் புதைக்க முன் என்னைக் கூப்பிடும்படி சொல்லியிருக்கிறேன். தலையைப் பனிக்கட்டியில் வைத்து, உறைய விடாமல், விசர் பரிசோதனைக்காகப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப வேண்டும். முண்ணாணை முழு நீளத்துக்கும் எடுத்து போர்மலினில் போட வேண்டும். ஒரு துண்டு மட்டும் வெட்டினால் புழு போன பாதை தவறிவிடும்.